செவ்வாய்க்கிழமை பாதி வாடகை

ஏப்ரல் 18, வெள்ளி

கொடைக்கானலில் சீசன் தொடங்கிவிட்டது. காலையிலேயே மூஞ்சிக்கல் சந்திப்பு வரை வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு வண்டியிலிருந்தும் யாராவது ஒருவர் சன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் குளிரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் வேலை பார்க்கும் லாட்ஜின் பெயர் ஏரிமுகம். இங்கிருந்து ஏரி தெரியாது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றால் ஒரு மூலை தெரியும் என்று பேச்சி அக்கா சொல்கிறார். அறைகளைக் கூட்டித் துடைப்பது அவர். வரவேற்பு மேசையில் உட்கார்வது நான். மற்ற எல்லாவற்றையும் குறை சொல்வது உரிமையாளர் தனபால் சார்.

அவர் இன்று எனக்குப் புது வேலை ஒன்று கொடுத்தார். அறை பதிவு செய்கிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப, கொடைக்கானல் வருகிறவர்கள் செலவைக் குறைக்கவும் பத்திரமாக இருக்கவும் குறிப்புகள் எழுத வேண்டுமாம்.

"நீ பி.காம் படிச்ச பொண்ணு அமலி. மத்த லாட்ஜ்காரன் பூராம் குட்மார்னிங் அனுப்புறான். நாம உபயோகமா ஒண்ணு அனுப்புவோம்."

"நான் எங்கயுமே டூர் போனதில்லயே சார்."

"போறவன் எழுதுனா செலவைத்தான் எழுதுவான். போகாத ஆள்தான் சிக்கனத்தை எழுத முடியும்."

அவர் சொன்னதிலேயே இதுதான் உண்மை. நிலக்கோட்டையிலிருந்து இங்கே வந்து பதினொரு மாதமாகிறது. பில்லர் ராக்ஸ் பாறைகளைப் பார்க்கப் போவதற்கு எந்தச் சாலையில் திரும்ப வேண்டும், எத்தனை மணிக்கு மேல் மேகம் மூடும் என்று தினமும் நாற்பது பேருக்குச் சொல்கிறேன். நான் பார்த்ததில்லை. சீசனில் லீவு கிடையாது. சீசன் இல்லாதபோது ஆள் கிடையாது என்பதால் லீவு கிடையாது.

ஏப்ரல் 19

எழுதிவிட்டேன்.

முதல் குறிப்பு, இரவில் பயணம் செய்யுங்கள் என்பது. மதுரையிலோ திருச்சியிலோ சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பினால் விடியும்போது மலைமேல் இருக்கலாம். ஒரு நாள் அறை வாடகை மிச்சம். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. எல்லாரும் இப்படித்தான் வருகிறார்கள். நான் எழுத்தில் வைத்தேன், அவ்வளவுதான்.

பிறகு, இ-பாஸை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள், சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு சிக்னல் தேடாதீர்கள். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தால் பிடுங்கிக்கொண்டு அபராதம் போடுவார்கள், எவர்சில்வர் பாட்டில் எடுத்து வாருங்கள். படத்தை மட்டும் பார்த்து காட்டேஜுக்கு முழுப் பணம் அனுப்பாதீர்கள். வீடியோ காலில் வரச் சொல்லி, வாசலைத் தாண்டித் தெருவைக் காட்டச் சொல்லுங்கள். இல்லாத காட்டேஜுக்குத் தெரு இருக்காது. மலையிறங்கும்போது ஏறின அதே கியரில் இறங்குங்கள். பிரேக் கருகுகிற வாடை வந்தால் நிறுத்திவிட்டு டீ குடியுங்கள்.

தனியாக வரும் பெண்களுக்கும் எழுதினேன். பஸ்ஸில் முன்பக்கம் உட்காருங்கள், பகலில் வாருங்கள், லாட்ஜில் அறை எண்ணைச் சத்தமாகச் சொல்ல விடாதீர்கள், போய்ச் சேர்ந்ததும் யாராவது ஒருவருக்குச் சொல்லுங்கள். தனபால் சார் அந்த இடத்தில் சிரித்தார். "தனியா எவம்மா இங்க வரப்போறா?" ஆனால் எடுக்கச் சொல்லவில்லை.

கடைசியில் ஒன்றை அவரே சேர்க்கச் சொன்னார். ஜூன் மாதம் செவ்வாய், புதன் கிழமைகளில் நேரில் வந்து கேட்பவர்களுக்கு ஏரிமுகத்தில் அறை பாதி வாடகை. "ஜூன்ல ஈ ஓட்டணும். பாதியாச்சும் வரட்டும்."

ஏப்ரல் 26, சனி

காலை ஐந்தரைக்கு மதுரையிலிருந்து ஒரு டெம்போ டிராவலர் வந்து நின்றது. பெரியவர்கள் பன்னிரண்டு பேர், எண்ண முடியாத குழந்தைகள். குடும்பத் தலைவர் மேசைக்கு வந்து, "உங்க டிப்ஸ் சூப்பர்மா. நைட்டே கெளம்பிட்டோம். ஒரு நாள் ரூம் மிச்சம்" என்றார். மிச்சம் பிடித்த கையோடு, பன்னிரண்டு மணிக்குத் தரவேண்டிய அறையை ஆறு மணிக்கே கேட்டுச் சண்டை போட்டார்.

எல்லாரும் மேலே போன பிறகு ஓட்டுநர் வந்தார். முப்பது வயது இருக்காது. துண்டைத் தலையில் கட்டியிருந்தார்.

"மேடம், பாத்ரூம் எங்கிட்டு இருக்கு?"

டிரைவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை என்று சொல்ல வேண்டியது என் வேலை. சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் கட்டணக் கழிப்பறை இருக்கிறது என்றேன். அவர் கோபப்படவில்லை. எல்லா ஊரிலும் இதையே கேட்டுப் பழகின முகம்.

"அங்க கூட்டமா இருக்கும்ல மேடம்."

"தூங்குனீங்களாண்ணே?"

"தூங்கியிருந்தா நீங்க பேப்பர்ல படிச்சிருப்பீங்க."

எட்டு மணிக்கு அந்தக் குடும்பம் குளித்துப் பவுடர் போட்டு ஊர்சுற்ற இறங்கியது. அவர்தான் ஓட்டினார். இரவு வண்டியின் கடைசி சீட்டில் மடங்கிப் படுத்துக்கொண்டார். கண்ணாடியெல்லாம் உள்பக்கம் வேர்த்திருந்தது. பெயர் காசிராஜன். பதிவேட்டில் வண்டி எண் எழுதும்போது கேட்டேன்.

மே 3, சனி

அதே வண்டி. வேறு குடும்பம். வாரத்துக்கு இரண்டு தடவை வருவாராம். வண்டி முதலாளி மதுரையில் இருந்துகொண்டு போனிலேயே ஓட்டுகிறார்.

விடிகாலையில் பின்பக்கக் குழாயில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். அந்தத் தண்ணீரில் கை வைத்தால் விரல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 103 காலியாக இருந்தது. அங்கே கீசரைப் போட்டு ஒரு பக்கெட் பிடித்து வெளியே கொண்டுபோய் வைத்தேன். பேச்சி அக்கா பார்த்துவிட்டார்.

"என்ன புள்ள, சுடுதண்ணிக்குக் கால் மொளச்சு நடந்து போகுது?"

"பாவம்க்கா."

"பாவம்தான். போன வாரம் வந்த கோயமுத்தூர் டிரைவரும் பாவம்தான். அவருக்கு ஏன் பக்கெட் போகல?"

கோயமுத்தூர்க்காரர் கேட்கவில்லை. அதுதான் காரணம்.

காசிராஜன் டீ குடிக்கும்போது பேசினோம். நாலு வருடமாக இந்த மலைக்கு வருகிறாராம். "எல்லா எடமும் தெரியும் மேடம். பில்லர் ராக்ஸ்ல பார்க்கிங் சரிவா இருக்கும், கல்லு வைக்கணும். குணா குகைல ரிவர்ஸ் எடுக்க முடியாது. படகுத்துறைல போலீஸ்காரர் வெரட்டிக்கிட்டே இருப்பாரு."

"உள்ள போய்ப் பாத்ததில்லயா?"

"வண்டிய யாரு பாக்குறது? எனக்குப் பூராம் பார்க்கிங்தான் தெரியும்."

அவ்வளவு சிரித்து எத்தனை நாளாயிற்று என்று தெரியவில்லை. மேசைக்குத் திரும்பிய பிறகும் ஒருவர் அறை கேட்டபோது சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

மே 4

வண்டி இறங்கும்போது நான் வெளியே போர்டு துடைத்துக்கொண்டிருந்தேன். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் சொல்லுங்கள் என்றேன். பாதுகாப்புக் குறிப்புகளில் எழுதியிருப்பதைத்தான் சொன்னேன்.

மேசையில் இருக்கும்போது நான் போன் பேசினால் தனபால் சார் திட்டுவார். வண்டியில் காசிராஜன் பேசினால் பார்ட்டி திட்டும். அதனால் ஒரு ஏற்பாடு. மலை இறங்கி வத்தலக்குண்டில் டீக்கு நிறுத்தும்போது ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவார். நான் எடுக்கக் கூடாது, திரும்ப அழைக்கவும் கூடாது. ஒரு ரிங் என்றால் இறங்கியாயிற்று என்று அர்த்தம்.

மாலை 6.40க்கு வந்தது.

மே 8, வியாழன்

ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ஒரு அறை இருக்கிறது. பழைய மெத்தைகள் கிடக்கின்றன. அதைக் காலி செய்து டிரைவர்கள் படுக்கக் கொடுக்கலாம் என்று தனபால் சாரிடம் கேட்டேன். லாட்ஜ்களில் டிரைவர்களுக்கு இடம் தர வேண்டும் என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறதாமே என்றேன்.

"அது புதுசா கட்டுற கட்டடத்துக்கு. நம்மது பழசு."

"தூக்கம் பழசுக்கும் புதுசுக்கும் ஒண்ணுதான சார்."

"இங்க பாரு, டிரைவர உள்ள விட்டா பீடி, தண்ணி, லுங்கி. இது ஃபேமிலி வர்ற எடம்."

இன்று காலை 204இல் பேச்சி அக்கா பொறுக்கியது ஏழு காலி பாட்டில். ஒன்று கட்டிலுக்கு அடியில் உடைந்து கிடந்து அவர் உள்ளங்கையைக் கிழித்தது. அது ஃபேமிலி.

பதினாறு உயிரைத் தூக்கிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் திரும்புகிறவனுக்கு ஒரு மெத்தை கொடுக்க யாருக்கும் மனமில்லை. குதிரைக்குக்கூட ஏரிக்கரையில் நிற்க நிழல் இருக்கிறது. எதை எழுதினாலும் கை சூடாகிறது, நிறுத்திக்கொள்கிறேன்.

மே 11, ஞாயிறு

மூன்று மணிக்கு இறங்கினார்கள். ஏழாகிறது. ரிங் வரவில்லை.

எட்டு. சிக்னல் இல்லாமல் இருக்கலாம்.

வத்தலக்குண்டில் சிக்னல் இல்லாமல் இருக்காது.

மே 12

காலை 9.10. ஒரு ரிங்.

எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. பேச்சி அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போய் மூஞ்சியக் கழுவு, நான் ஒக்காந்துருக்கேன்" என்றார்.

மே 16, வெள்ளி

வண்டியின் இடது பக்கம் முன்கதவிலிருந்து பின்சக்கரம் வரை வெள்ளைப் பெயின்ட் உரிந்திருக்கிறது.

நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார். பெருமாள்மலை தாண்டி ஒரு வளைவில் கண் போய்விட்டது. ஒரு நொடிதான். கைப்பிடிச் சுவர் உரசி, அந்தச் சத்தத்தில் விழிப்பு வந்தது. சுவர் இருந்தது, அதனால் வண்டி நின்றது. பார்ட்டி மொத்தமும் இறங்கி அவரை அடிக்க வந்திருக்கிறது. முந்தின இரண்டு ராத்திரியும் அவர்களைத்தான் சுமந்துகொண்டு வந்தார். முதலில் திருச்செந்தூர், அப்புறம் மலை.

"அதுல ஒருத்தர் சொல்றாரு, நைட்டு டிராவல் பண்ணுனா சேவிங்ஸ்னு லாட்ஜ்லயே போட்டிருந்தாய்ங்க, அதான் வந்தோம்னு."

அதை எழுதியது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. டீ ஆறிப்போயிருந்தது. வேறு டீ வாங்கி வந்தேன்.

"எதுக்கு இன்னொரு டீ?" என்றார்.

"குளிரு."

"மேடம், இந்த அண்ணே கிண்ணேலாம் கொஞ்ச நாளா காணோம்?"

"நீங்களும்தான் மேடம்னு கூப்புடுறீங்க. நான் என்ன ஸ்கூலா நடத்துறேன்?"

"சரி, அமலி."

இதில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

மே 17

முதல் குறிப்பை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்படி எழுதினேன்: பகலில் பயணம் செய்யுங்கள். வண்டியில் ஏறும் முன் உங்கள் ஓட்டுநர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று கேளுங்கள். அவருக்குப் படுக்க இடம் தருகிற லாட்ஜில் அறை எடுங்கள். அந்தச் செலவு உங்கள் பிள்ளைகளுக்கானது.

தனபால் சார் படித்தார். "நெகட்டிவா இருக்கு. படுக்க எடம் தர்ற லாட்ஜ்னா நம்ம லாட்ஜ் இல்லன்னு நீயே சொல்ற மாதிரி இருக்கு." பழையதையே போடச் சொன்னார்.

அனுப்புவது நான். புதியதையே அனுப்பினேன். திண்டுக்கல் பார்ட்டி ஒன்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, ராத்திரியே கிளம்பி விடிகாலை நாலு மணிக்கு வந்து கேட்டைத் தட்டியது.

மே 24, சனி

மதுரையில் ஒரு தனியார் பள்ளிக்கூடம் அவருடைய வண்டியை ஒப்பந்தத்துக்கு எடுத்திருக்கிறது. ஜூன் ஒன்பது முதல் காலையும் மாலையும் பிள்ளைகளை ஏற்றி இறக்க வேண்டும். அடுத்த ஏப்ரல் வரை மலைக்கு வர மாட்டார்.

"நல்லது. ராத்திரில தூங்கலாம்ல" என்றேன்.

"தூங்கலாம்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் உரிந்த பெயின்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அவர் சொன்னார். கடைசி டிரிப் ஜூன் மூன்று, செவ்வாய். பார்ட்டியைக் காலையில் நாயுடுபுரத்தில் ஒரு கல்யாணத்தில் இறக்கிவிட வேண்டும், சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்துக்கொண்டு மதுரைக்கு இறங்க வேண்டும். நடுவில் வண்டியும் சும்மா, அவரும் சும்மா.

"ஒரு தடவ உள்ள போய்ப் பாப்பமா? டிக்கெட் எடுத்து. பார்க்கிங்ல நிக்காம."

பார்க்கலாம் என்று சொன்னேன்.

மே 29

லீவு கிடைத்துவிட்டது. பன்னிரண்டு மாதத்தில் முதல் தடவை கேட்டதால் தனபால் சாருக்கு எப்படி மறுப்பதென்று தெரியவில்லை.

என் குறிப்புகளை எடுத்து எனக்காகவே படித்தேன். செவ்வாய்க்கிழமை என்பதால் கூட்டம் இருக்காது. பத்து மணிக்குள் போனால் மேகம் மூடுவதற்கு முன் பாறைகள் தெரியும். சாப்பாடு கட்டிக்கொண்டு போனால் கடையில் ஏமாற வேண்டாம். எலுமிச்சை சாதம், அப்பளம். எவர்சில்வர் பாட்டில். இவ்வளவு சரியாகத் திட்டமிட்ட சுற்றுலாப் பயணி இந்த மலைக்கு இதுவரை வந்திருக்க மாட்டார்.

முன்சீட்டில் உட்கார வேண்டும். எங்கள் ஊரில் வேன் வைத்துக் கோயிலுக்குப் போனாலும் முன்சீட்டு எப்போதும் யாராவது சித்தப்பாவுக்குத்தான். சாலை முன்னால் விரிந்து வருவதை நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் ஓடிப்போவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

பேச்சி அக்கா தன்னுடைய கருநீல ஸ்வெட்டரைக் கொடுத்தார். "என்னோடது வேணாம்னு சொல்லாத. ஒன்னோடது பாத்தா எலி கடிச்ச மாதிரி இருக்கு."

ஜூன் 2

மழை. நாளைக்கு வெளுக்க வேண்டும்.

ஜூன் 3, செவ்வாய்

வெளுத்துவிட்டது. ஒரு துண்டு மேகம் இல்லை. இந்த மாதிரி வானத்தை வரவேற்பு மேசையின் சன்னல் வழியாக ஒரு முழத்துக்கு மேல் நான் பார்த்ததில்லை.

ஒன்பது மணிக்கு அவர் வந்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. தலை ஈரமாக இருந்தது. கண்கள் இரண்டும் செங்கல் நிறத்தில் இருந்தன.

"தூங்குனீங்களா?"

"அதெல்லாம் ஆச்சு. ஏறுங்க."

ஏறினேன். முன்சீட்டு நான் நினைத்ததைவிட உயரம். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டேன். வண்டி நகர்ந்து கேட்டுக்கு வந்தது. சாலையில் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது, அது கடக்கட்டும் என்று நிறுத்தினார். பஸ் போய்விட்டது. அதற்குப் பின்னால் ஒரு பைக்கும் போய்விட்டது. சாலை காலியாகக் கிடந்தது. வண்டி நகரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். கால் பிரேக்கில் இருந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தன. கண் மூடியிருந்தது.

அவரைக் கூப்பிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று எழுத மாட்டேன். பிறகு கையை நீட்டி சாவியைத் திருப்பினேன். இன்ஜின் நின்றதும் திடுக்கிட்டு விழித்தார்.

"கடைசியா எப்பத் தூங்குனீங்க?"

"வெயில் கண்ணுல அடிச்சுச்சு, அதான்."

"கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க."

ஞாயிறு இரவு வேளாங்கண்ணி. அங்கிருந்து வந்து இறங்கிய கையோடு நேற்று இரவு இந்தக் கல்யாணப் பார்ட்டி. அவர் எண்ணிச் சொல்லும்போதே நாக்கு குழறியது.

"பரவால்ல அமலி. பில்லர் ராக்ஸ் போனா தெளிஞ்சுரும். சாயங்காலம் வண்டில பாட்டுப் போட்டுக்குவேன். இன்னைக்கு விட்டா..."

அதை அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இல்லை.

"வண்டிய பின்னால எடுங்க" என்றேன்.

மேசையில் தனபால் சாரே உட்கார்ந்திருந்தார், எனக்கு லீவு என்பதால். அறை வேண்டும் என்றேன்.

"யாருக்கு?"

"இவருக்கு."

"டிரைவருக்கு ரூம் கெடையாதுன்னு ஒனக்கே தெரியும்."

"டிரைவரா வரல சார், கெஸ்டா வந்திருக்காரு. இன்னைக்கு செவ்வாய்க்கிழமை. ஜூன் மாசம். நேர்ல வந்து கேக்குறாரு. பாதி வாடகைன்னு நீங்கதான் போடச் சொன்னீங்க. ஆயிரம் பேருக்கு அனுப்பியிருக்கோம்."

அவர் என்னைப் பார்த்தார், காசிராஜனைப் பார்த்தார், என் மேலிருந்த ஸ்வெட்டரைப் பார்த்தார். "லீவு போட்டது இதுக்குத்தானா? ஒரு பொண்ணு வந்து ஒரு ஆம்பளைக்கு ரூம் போடுறது. நல்லாருக்கு. ஃபேமிலி வர்ற எடம்."

"அவரு உள்ள தூங்குவாரு. நான் வெளில இருப்பேன். நாள் பூராம் நீங்க இங்கயே ஒக்காந்து பாருங்க. வேற வேலை உங்களுக்கும் இல்ல."

படிக்கட்டில் பேச்சி அக்கா நின்று துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு இருமினார். அது இருமல் இல்லை.

பர்ஸைத் திறந்து மேசைமேல் வைத்தேன். தனபால் சார் பணத்தை எடுத்துக்கொண்டார். ஃபேமிலி, கெஸ்ட், மானம், எல்லாம் அந்த இடத்தில் முடிந்தது. படிவத்தை நானே நிரப்பினேன். வந்த நோக்கம் என்ற இடத்தில், எல்லாருக்கும் எழுதுவதையே எழுதினேன்: சுற்றுலா.

காசிராஜன் 103 வாசலில் நின்றுகொண்டு உள்ளே போகத் தயங்கினார். கட்டிலையும் விரிப்பையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மணி நேரம். எழுப்பிருங்க. பதினோரு மணிக்குப் போனாக்கூடப் பாத்துறலாம்."

"எழுப்புறேன். படுங்க."

கதவு சாத்திய சத்தத்துக்குப் பின்னால் செருப்பு கழற்றுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

நான் வண்டிக்குத் திரும்பி வந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். எதிரே லாட்ஜின் சுவர். சுண்ணாம்பு உதிர்ந்து, குழாய் ஒழுகி, ஒரு பெரிய பாசிக் கறை. பதினொன்று ஆயிற்று. எழுப்பவில்லை. பன்னிரண்டுக்கும் வானம் வெளுத்தே இருந்தது. எந்த மேகமும் வந்து எனக்கு உதவி செய்யவில்லை.

பேச்சி அக்கா வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"எங்க புள்ள வந்திருக்க?"

"பில்லர் ராக்ஸ்."

"எப்டி இருக்கு?"

"கூட்டம் இல்லக்கா."

அவர் ஏறி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். எலுமிச்சை சாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். ஒரு பங்கை எடுத்து மூடி வைத்தேன். அக்கா ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் அசைத்துப் பார்த்தார். பாதி அப்பளத்தைக் கடித்துக்கொண்டே, "அழுதா அழு. நான் ரோட்டைத்தான் பாக்குறேன்" என்றார். ரோடு எங்கே இருந்தது? சுவர்தான் இருந்தது.

மூன்றரைக்குக் கதவைத் தட்டினேன். கன்னத்தில் தலையணை மடிப்போடு வந்தார். சன்னல் வெளிச்சத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"மணி என்ன?"

சொன்னேன்.

"ஏன் எழுப்பல?" சத்தம் போட்டார். இந்த ஐந்து வாரத்தில் யாரிடமும் சத்தம் போடாதவர். "இன்னைக்கு ஒரு நாள்தான அமலி இருந்துச்சு. ஏன் எழுப்பல?"

"வாடக குடுத்தாச்சு. தூங்காமப் போனா நட்டம்."

அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். கண்கள் வெள்ளையாக இருந்தன. அவர் கண்ணில் வெள்ளை இருந்ததை இன்றுதான் பார்த்தேன். சாதப் பொட்டலத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, பிரிக்காமல், கையிலேயே வைத்திருந்தார்.

"உள்ள எப்டித்தான் இருக்கும் அது?" என்று கேட்டார்.

"மூணு கல்லு. படத்துல இருக்க மாதிரிதான் இருக்கும்."

மூன்றே முக்காலுக்கு வண்டி கேட்டைத் தாண்டியது. இந்தத் தடவை எங்கேயும் நிற்காமல் திரும்பியது.

எனக்கும் பார்க்கிங் தெரிந்துவிட்டது.

7.05. ஒரு ரிங்.

ஜூன் 9, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது.

ஜூன் 13

தனபால் சார் குறிப்புகளைத் திருத்தியிருக்கிறார். செவ்வாய், புதன் பாதி வாடகை என்பதற்குக் கீழே புதிதாக ஒரு வரி: இச்சலுகை ஓட்டுநர்களுக்குப் பொருந்தாது. இந்த வரியை நான்தான் தட்டச்சு செய்ய வேண்டும் என்றார். செய்யவில்லை. அவரே ஒற்றை விரலால் அரைமணி நேரம் அடித்தார். இரண்டு எழுத்துப் பிழைகள். நான் திருத்தவும் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

103 காலி. விரிப்பை மாற்றியிருக்கிறார்கள்.

போன் என் பக்கத்தில்தான் இருக்கிறது. இறங்குவதற்கு மலை இல்லாதவரிடமிருந்து ஒரு ரிங் எப்படி வரும்? ஏற்பாட்டைச் செய்தபோது இதை யோசிக்கவில்லை. இறங்கிவிட்டேன் என்பதைத் தவிர வேறு எதையும் சொல்ல எங்களிடம் ஒலி இல்லை.

அவராகவும் அழைக்கலாம். நானாகவும் அழைக்கலாம். அவர் எதை நினைத்துக்கொண்டு அழைக்காமல் இருக்கிறாரோ தெரியாது. எழுப்பாததற்குக் கோபமாக இருக்கலாம். காலையில் ஆறு மணிக்கு எழுந்து பிள்ளைகளை ஏற்றுகிறவனுக்கு நேரம் இல்லாமல் இருக்கலாம். ராத்திரி நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கலாம். நான் கேட்டதும் அதைத்தான்.

ஜூன் 20

தனபால் சாரிடம் சம்பளத்தோடு இரண்டு நாள் லீவு கேட்டேன். சம்பளம் இல்லாமல் ஒரு நாள் என்றார். சரி என்றேன்.

பேச்சி அக்கா, "ஊருக்கா?" என்றார்.

"டூர்."

"தனியாவா?"

"குறிப்புல எல்லாம் எழுதிருக்கேன்ல."

கருநீல ஸ்வெட்டரை மறுபடி கொண்டுவந்து கொடுத்தார். மதுரையில் இந்த வெயிலுக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்டேன். மதுரை என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது. அவர் சிரிக்காமல் மடித்துப் பையில் வைத்தார்.

ஜூன் 21, சனி

பகல். பஸ். முன்பக்கம், ஓட்டுநருக்குப் பின்னால் இல்லை, இடதுபுறம், கண்ணாடிக்கு நேராக. மதுரைக்கு டிக்கெட். வழியில் நிலக்கோட்டை வரும். இறங்கப்போவதில்லை என்று அம்மாவிடம் சொல்லவில்லை. போன் சார்ஜ் இருக்கிறது. எவர்சில்வர் பாட்டில் இருக்கிறது. ஏறும் முன் ஓட்டுநரிடம் கேட்டேன்.

"அண்ணே, நேத்து தூங்குனீங்களா?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "எட்டு மணி நேரம் தாயி. போதுமா?" என்றார். கண்டக்டர் சிரித்தார். சிரிக்கட்டும்.

சாலை முன்னால் விரிந்து விரிந்து வருகிறது. இப்படித்தான் இருக்குமா இது? பெருமாள்மலை தாண்டி ஒரு வளைவில் கைப்பிடிச் சுவரில் வெள்ளைப் பெயின்ட் ஒரு நீளமான கோடாக ஒட்டியிருந்தது. பஸ் ஏறின கியரிலேயே இறங்கியது. சுவர் முடிகிற வரை திரும்பிப் பார்த்தேன்.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு. டீக்குப் பத்து நிமிடம் நிறுத்தியிருக்கிறார்கள். வெயில் முகத்தில் அறைகிறது. சன்னலோரம் இருந்தபடியே இதை எழுதுகிறேன்.

சற்றுமுன் காசிராஜனுக்கு ஒரு ரிங் விட்டு வைத்துவிட்டேன். போய்ச் சேர்ந்ததும் யாராவது ஒருவருக்குச் சொல்ல வேண்டும்.

மிஸ்டு கால் வந்தால் திரும்ப அழைக்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

போன் அடிக்கிறது. இரண்டாவது ரிங். மூன்றாவது.